ரீயூனியன் எரிமலை அந்தி நடை

இந்தியப் பெருங்கடலில் மொரீசியசுக்குத் தென்மேற்கே உள்ள பிரெஞ்சுத் தீவு ரீயூனியன். தீவின் தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயர்ந்து நிற்கும் பித்தோன் த லா ஃபுர்னேஸ், உலகில் அடிக்கடி சீறும் எரிமலைகளுள் ஒன்று. 17ஆம் நூற்றாண்டு முதல் 150 தடவைக்கு மேல் எரிகுழம்பு கக்கியிருக்கிறது. இங்கே குழம்பு இளகலானது; பெரும்பாலும் வெடித்துச் சிதறாமல் வழிந்து ஓடும். மனிதர் கிட்டே போய்ப் பார்க்க முடிவது அதனால்தான். 1,100 டிகிரி செல்சியசைத் தாண்டிய குழம்பும் வெயிலில் பெரும்பாலும் கறுப்பும் புகையுமாகவே தெரியும். பொழுது சாய்ந்தால்தான் சிவப்பு எடுபடும் என்பதால், சீற்றக் காலத்தில் வழிகாட்டிகள் நடைப்பயணத்துக்கு அந்தி நேரத்தைத் தேர்கிறார்கள்.

எரிமலையின் கூம்பு, சுமார் 8 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்துக்குள் இருக்கிறது. 1768இல் ஆளுநர் பெல்கோம்பின் குழு அதன் விளிம்பை எட்டியது. செங்குத்துச் சுவரில் இறங்க வழி கண்டவர் ஜாக்கோப் என்னும் அடிமை. இந்த மலையின் முதல் வழிகாட்டி என்று சொல்லத் தக்கவர் அவரே. ஆனால் அந்த இடத்துக்கு ஆளுநரின் பெயர்தான் வாய்த்தது; ‘பெல்கோம்ப்-ஜாக்கோப் கணவாய்’ என்று சேர்த்துச் சொல்வது அண்மைக்கால வழக்கம். இதே பெல்கோம்ப் பிறகு புதுச்சேரிக்கு ஆளுநராக வந்து, 1778 முற்றுகையில் ஆங்கிலேயரிடம் கோட்டையை இழந்தவர்.

1771இல் தாவரவியலாளர் கொம்மெர்சோனுடன் மலையேறிய லிஸ்லே ஜெஃப்ருவா, அடிமையாக இருந்த தாய்க்குப் பிறந்த 16 வயதுப் பையன். பின்னாளில் பாரிஸ் அறிவியல் கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. 1801இல் வந்த இயற்கையியலாளர் போரி த செங் வின்சென்ட் பார்த்ததை விரிவாக எழுதினார். உச்சிவாய்களுள் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர். இவர்களுக்காகச் சுமை தூக்கியவர்களின் பெயர்களை இத்தகைய பயண நூல்களில் தேடி எடுப்பது கடினம்.

இத்தீவுக்குத் தமிழரோடும் உறவு உண்டு: 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அங்கே ‘மலபார்’ எனப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தீமிதி நடத்துகிறார்கள்.

1977 ஏப்ரலில் குழம்பு செங்த் ரோஸ் பகுதியில் ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. தேவாலயத்தைச் சூழ்ந்து வாசலோடு நின்றது. அதன் விளைவாக 1979இல் கண்காணிப்பு நிலையம் அமைந்தது. நடைப்பயணத்தின் போக்கை மாற்றியதும் அதுவே: வழிகாட்டி தன் கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பிய காலம் முடிந்து, நில அதிர்வுக் கருவியின் சொல் முந்தியது. 2007 ஏப்ரலில் தொலொமியு உச்சிவாய் 300 மீட்டருக்கு மேல் உள்ளிறங்கியதும், உச்சிக்குப் போகும் பாதை சில ஆண்டுகள் மூடப்பட்டது. 2010இல் தீவின் மலைப்பகுதி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சீற்றம் நெருங்கினால் நிர்வாகம் பள்ளத்தை மூடிவிடும். அப்போது விளிம்பிலிருக்கும் பித்தோன் த பேர் வரைதான் அந்தி நடை. தடையை மீறிப் பள்ளத்துக்குள் போன இளைஞர் இருவர் 2021 ஏப்ரலில் இறந்தனர். நெருப்பைக் காண வருபவர்கள், இவ்வுயரத்தில் இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கும் என்பதைப் பெரும்பாலும் எதிர்பார்ப்பதில்லை. நெற்றி விளக்கோடு கம்பளிச் சட்டையும் கட்டாயம்.

இப்படி நடந்துபோய்ப் பார்க்க இந்தியாவில் வழியில்லை: இங்கு உயிர்ப்புள்ள ஒரே எரிமலை அந்தமானின் பாரன் தீவு. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991இல் மறுபடி சீறிய அதைச் சுற்றுலாப் பயணிகள் படகிலிருந்துதான் பார்க்கலாம். கரையேற அனுமதி இல்லை.