நிற்க மறுக்கும் விநாடி முள்

கைக்கடிகாரப் பிரியர்கள் மத்தியில் 'பீல்ட் வோட்ச்' என்ற பெயர் இன்று மிகத் தாராளமாக வழங்கப்படுகிறது. கறுப்பு முகப்பு, பளிச்சென்ற வெள்ளை எண்கள், துணிப்பட்டி ஆகிய மூன்றும் இருந்தால் போதும், அது போர்க்களக் கடிகாரமாகிவிடும். அவ்வாறு பெயர்பெற்றவற்றுள் மலிவானதும் உலகெங்கும் பரவியதுமான ஒன்று, யப்பானின் சீக்கோ 5 வரிசையைச் சேர்ந்த எஸ்.என்.கே. 809. அதன் அகலம் 37 மில்லிமீற்றர் மாத்திரமே. தயாரிப்பு நிறுத்தப்பட்டுவிட்ட போதிலும் அதைத் தேடி வாங்குவோர் இன்னமும் உள்ளனர். சில வருடங்களாக என் மணிக்கட்டிலும் அதுவே இருந்து வருகிறது. அந்தப் பெயருக்கு அது தகுதியானதுதானா என்பதே இங்கு என் கேள்வி.

முதலாவது உலகப் போருக்கு முன்னர் மேற்கு நாடுகளில் ஆண்கள் கடிகாரத்தைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தனர். மணிக்கட்டில் அணிவது பெண்களின் ஆபரணம் என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்றியது பீரங்கி. எறிகணைகள் எந்த நிமிடத்தில் எந்த வரிசையில் விழும் என்பது முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. காலாட்படை அதற்குப் பின்னால் நகர வேண்டும். முந்தினால் சொந்த எறிகணைக்கே பலியாக நேரிடும். பிந்தினால் எதிரி தலைதூக்கிவிடுவான். இரு கைகளிலும் வேலை உள்ளவன் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது.

சில நிமிடங்களின் பெறுமதி என்ன என்பதற்கு 1916 ஜூலை 1 ஆம் திகதியைச் சொல்லலாம். பிரான்ஸின் சோம் களத்தில் பிரித்தானியப் படையின் தாக்குதல் காலை 7.30க்கு ஆரம்பமாகவிருந்தது. ஹோதோர்ன் முகட்டின் கீழ் புதைக்கப்பட்டிருந்த பெருவெடி 7.20க்கே வெடிக்க வைக்கப்பட்டது. அது கடிகாரத்தின் பிழையன்று, கட்டளைப்படியே நடந்தது. ஆயினும் அந்த 10 நிமிட அவகாசம் ஜேர்மானியருக்கு முன்னெச்சரிக்கையாக அமைந்தது. அன்று ஒரு நாளில் மாத்திரம் களமெங்கும் மாண்ட பிரித்தானியத் தரப்பினர் 19,000 பேருக்கும் அதிகம்.

இரண்டாவது உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக எல்ஜின், வோல்தம், புலோவா ஆகிய நிறுவனங்கள் தயாரித்த ஏ-11 கடிகாரத்தில் முக்கியமான ஓர் ஏற்பாடு இருந்தது. சாவிக் குமிழை வெளியே இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும். அதிகாரி குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே கணத்தில் குமிழை உள்ளே தள்ளுவர். அத்தனை கடிகாரங்களும் ஒரே விநாடியில் ஓடத் தொடங்கும். பார்வைக்குச் சாதாரணமான, ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் அகலமே கொண்ட அந்தக் கடிகாரத்தின் உயிர்நாடி இதுதான். பிரித்தானிய அரசுக்காக 12 நிறுவனங்கள் 1945இல் வழங்கியவையும் 35 முதல் 38 மில்லிமீற்றர் வரையிலானவையே. சிறிய கடிகாரம் ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணமெல்லாம் மிகவும் பிற்காலத்தது!

இனி எஸ்.என்.கே. 809க்கு வருவோம். அதன் முகப்பை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். நிமிட எண்கள் வெளிவட்டத்தில் பெரிதாகவும், மணி எண்கள் உள்வட்டத்தில் சிறிதாகவும் உள்ளன. இது தரைப்படையின் மரபன்று. 1940களில் ஜேர்மன் விமானப்படையினர் அணிந்த கடிகாரங்களின் சாயல். அவையோ 55 மில்லிமீற்றர் அகலமான இராட்சதக் கடிகாரங்கள். ஆகாயத்துக்குரிய முகத்தைச் சுருக்கித் தரைக்குரிய உடலில் பொருத்தியிருக்கிறார்கள்.

உள்ளே இருப்பது 7எஸ்26 என்னும் இயந்திரம். 1996இல் அறிமுகமானது. அரைவட்ட எடை எந்தப் பக்கம் சுழன்றாலும் சுருள்வில் முறுகும். இதற்கு உதவும் 'மெஜிக் லீவர்' சீக்கோ 1959இல் கண்டுபிடித்தது. உறுப்புகள் குறைவு, விலையும் குறைவு. ஆனால் இதற்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. குமிழை இழுத்தாலும் விநாடி முள் நிற்பதில்லை. குமிழை இழுத்து, முட்களைப் பின்னோக்கித் திருப்புவது போல மெல்ல அழுத்தம் கொடுத்தால் விநாடி முள் தயங்கி நிற்கும். பிரியர்கள் கைக்கொள்ளும் தந்திரம் அது. நானும் அப்படித்தான் செய்கிறேன். போர்க்களத்தில் இது பயன்படாது.

ஆகவே, போர்க்களக் கடிகாரம் என்ற பெயர் இதற்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. அளவும் எளிமையும் எஞ்சியிருக்க, அவற்றுக்குக் காரணமாக இருந்த தேவை கழன்றுவிட்டது. அப்படியானால் வாங்கக்கூடாதா? என்னுடையது நாளொன்றுக்கு சுமார் 12 விநாடி முந்துகிறது. பஸ் பிடிக்கிறவனுக்கு அது போதும். 30 மீற்றர் என்று எழுதியிருப்பதை நம்பிக் குளத்தில் இறங்க வேண்டாம். முகம் கழுவலாம், மழையில் நனையலாம். மெல்லிய மணிக்கட்டு உள்ளவர்களுக்கு, சட்டைக் கைக்குள் உறுத்தாமல் அடங்கும் தானியங்கிக் கடிகாரம் இந்த விலையில் அபூர்வமாகவே இருந்தது.

2019இல் சீக்கோ 5 வரிசை புதுப்பிக்கப்பட்டபோது 4ஆர்36 இயந்திரத்துடன் விநாடியை நிறுத்தும் வசதியும் கையால் சாவி கொடுக்கும் வசதியும் வந்து சேர்ந்தன. உடலோ 42.5 மில்லிமீற்றராகப் பருத்தது. அந்த வரிசையில் 36.4 மில்லிமீற்றர் களக் கடிகாரம் பின்னரே வெளிவந்தது. விலை எஸ்.என்.கே. 809ஐவிடக் கூடுதல்தான். ஆனால் அதில் குமிழை இழுத்தால் முள் நிற்கிறது.