பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன்...



சென்ற மாதம் லாஃப்டைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து வெட்டியெடுத்த பிள்ளையார், குத்துவிளக்கு, மயில், தாமரை. எல்லாம் என் மனைவி வெட்டி வைத்தவை. அவள் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று எடுத்து வைத்துவிட்டேன். போனில் மகளிடம் சொன்னபோது, "போட்டுடாதீங்கப்பா! அம்மா டிகூபாஜ் பண்ணணும்னு சேத்து வெச்சது" என்றாள்.

அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். பிறகு தேடிப் படித்ததை உங்களிடமும் சொல்கிறேன்.

'வெட்டுதல்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. காகிதப் படங்களை வெட்டி, பெட்டி, தட்டு, மேசை ஆகியவற்றின் மேல் ஒட்டி, வார்னிஷ் பூசுவதுதான் வேலை. இது பெரிதாக வளர்ந்த இடங்களில் ஒன்று, 18ஆம் நூற்றாண்டின் வெனிஸ் நகரம். அப்போது சீனா, ஜப்பானிலிருந்து வரும் பளபளப்பான அரக்குப் பூச்சு மரச்சாமான்களுக்கு ஐரோப்பாவில் ஏக கிராக்கி. ஒரு மரத்தின் பாலிலிருந்து செய்யும் பூச்சு அது. அந்த மரம் ஐரோப்பாவில் கிடையாது. விலையோ எட்டாத உயரம்.

வெனிஸ் கைவினைஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அச்சிட்ட படங்களுக்கு வண்ணம் தீட்டி, வெட்டி, சாமான்களில் ஒட்டினார்கள். அதன்மேல் வார்னிஷ் பூசி, காயவிட்டு, மறுபடி பூசினார்கள். விரலால் தடவினால் காகிதத்தின் விளிம்பு தட்டுப்படாத வரை இது நடக்கும். இதற்கு 'லக்கா போவெரா', அதாவது ஏழையின் அரக்கு என்று பெயர். பஸ்ஸானோ ஊரின் ரெமொந்தினி அச்சகம் வெட்டி ஒட்டுவதற்கென்றே படத்தாள்கள் அச்சிட்டு விற்றது. லண்டனில் 1760 வாக்கில் ராபர்ட் சேயர் என்ற பதிப்பாளர் 1,500க்கும் மேற்பட்ட படங்களோடு பெண்களுக்காக ஒரு புத்தகமே போட்டார். ஏழையின் அரக்கு பணக்கார வீடுகளுக்குள்ளும் போய்விட்டது!

இந்த வரலாற்றில் என்னை நிறுத்தி வைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி டெலனி. 1700இல் பிறந்தவர். 17 வயதில், அறுபதை நெருங்கிய ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். சில வருஷங்களில் அவர் இறந்துபோனார். பின்னர் மனமொத்து அமைந்த இரண்டாவது கணவரும் 1768இல் காலமானார். அதன்பின் ஒரு தோழியின் மாளிகையில் தங்கியிருந்தபோது, ஒரு செடியின் பூவிதழும் அருகில் கிடந்த காகிதத் துண்டும் ஒரே நிறமாக இருப்பதைக் கவனித்தார். கத்தரியைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 70க்கு மேல்.

நிஜப் பூவை எதிரில் வைத்துக்கொண்டு, பென்சிலால் வரையாமல், நேரடியாகக் காகிதத்தை வெட்டுவார். கறுப்புத் தாளின்மேல் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி இதழின் வெளிச்சத்தையும் நிழலையும் கொண்டுவருவார். 1782இல் பார்வை மங்கி நிறுத்தும்வரை 985 பூக்கள் செய்துமுடித்தார். பத்து வருஷத்துக் கணக்கு இது. வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு! அவை 10 தொகுதிகளாக இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கடைசிக் காலத்தில் அரசர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு வருஷம் 300 பவுன் பென்ஷன் கொடுத்தார். ஆக, அவரும் நம்மைப்போல் பென்ஷன்தாரர்தான்.

ஆயிரம் முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 15 குறைந்துவிட்டது. நான் வேலை பார்த்த பேங்கில் என்றால், டேலி ஆகும்வரை வீட்டுக்கு விடமாட்டார்கள். இந்தக் கணக்கில் மட்டும் அந்த 15 எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

36 வருஷம் பேங்கில் பசை பாட்டிலும் கத்தரியுமாக வவுச்சர் ஒட்டியவன் நான். ரிடையர் ஆனபின் கைக்கு வேலையில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு மரத்தட்டில் அவள் வெட்டிய மயிலை ஒட்டினேன். அவசரத்தில் காற்றுக்குமிழ் விழுந்து கழுத்து சுருங்கிவிட்டது. பரவாயில்லை, இன்னும் இரண்டு மயில் டின்னில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்திருக்கும். பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒரு தடவை பாருங்கள். வெட்டிப்பார்க்க மனமில்லையென்றால் எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிடுங்கள். எனக்கு இப்போது 66தான் ஆகிறது.