இரண்டாம் பாகத்தில் உயர்ந்த மூன்று விரல்கள்

பதின்பருவ வாசகர்களுக்கென எழுதப்படும் புதினங்களின் இரண்டாம் பாகங்களை இலக்கிய வரலாறு பெரிதாகக் கருதுவதில்லை. முதல் பாகத்தின் விற்பனையை நீட்டிக்கும் வணிக முயற்சி என்பதே அவற்றின் மீதான பொது மதிப்பீடு. சூசன் காலின்ஸ் எழுதி 2009 செப்டம்பரில் வெளிவந்த 'கேட்சிங் ஃபயர்' இம்மதிப்பீட்டுக்குள் அடங்குவதன்று. அதில் இடம்பெற்ற ஒரு சைகை, ஐந்தாண்டுகளுக்குள் தாய்லாந்திலும் பின்னர் மியான்மரிலும் இராணுவ ஆட்சிக்கு எதிரான அடையாளமாயிற்று.

2008இல் வெளிவந்த முதல் நூலான 'தி ஹங்கர் கேம்ஸ்', பனெம் என்னும் கற்பனை நாட்டை அறிமுகப்படுத்தியது. பழைய கிளர்ச்சிக்குத் தண்டனையாக, பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் கொலைக்களத்துக்கு அனுப்பப்படுகின்றனர். ஒருவர் எஞ்சும் வரை நிகழும் அக்கொலைகள் நாடெங்கும் ஒளிபரப்பாகின்றன. தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது போட்டி நிகழ்ச்சிகளும் இராக் போர்க் காட்சிகளும் மனத்தில் கலந்ததே இக்கதையின் தூண்டுதல் எனக் காலின்ஸ் கூறியுள்ளார்.

தங்கைக்கு மாற்றாகத் தன்னை ஒப்புக்கொடுக்கும் காட்னிஸை நோக்கி, அவளது மாவட்ட மக்கள் மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்துகின்றனர். நன்றியும் பிரிவும் உணர்த்தும் பழைய வழக்கம் அது. இறுதிச் சடங்குகளில் அரிதாகக் காணப்படுவது. முதல் நூலில் அது துயரத்தின் மொழி மட்டுமே.

இரண்டாம் பாகம் இப்பொருளை மாற்றுகிறது. களத்தில் மாண்ட ரூ என்னும் சிறுமியின் மாவட்டத்தில் காட்னிஸ் நன்றியுரை நிகழ்த்துகிறாள். ஒரு முதியவர் ரூவின் மெட்டைச் சீழ்க்கையடிக்க, கூட்டம் முழுவதும் ஒருசேர விரல்களை உயர்த்துகிறது. உடனே அம்முதியவர் மேடைக்கு இழுத்து வரப்பட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறார். அஞ்சலி அரசியலாவதும், அரசு அதனை அவ்வாறே புரிந்துகொள்வதும் ஒரே காட்சியில் நிகழ்கின்றன.

இப்பாகத்தின் திரைவடிவம் 2013 நவம்பரில் வெளியாயிற்று. அடுத்த ஆறு மாதங்களில், 2014 மே 22 அன்று தாய்லாந்தில் பிரயுத் சான்-ஓ-சா தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ அரசியல் நோக்கில் கூடுவது தடைசெய்யப்பட்டது. முழக்கமும் பதாகையும் இயலாத அச்சூழலில், தனியொருவர் ஓசையின்றிச் செய்யக்கூடிய சைகை எதிர்ப்பாளர்களுக்குப் பயன்பட்டது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றும் அவர்களுள் சிலர் அதற்குப் பொருளுரைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் பிரயுத்தின் முன்னிலையில் அச்சைகையைச் செய்த ஐந்து மாணவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். 2020இல் தாய்லாந்துப் பள்ளி மாணவர்கள் தேசிய கீதத்தின்போது அதே விரல்களை உயர்த்தினர்.

2021 பிப்ரவரி 1இல் மியான்மரில் நிகழ்ந்த இராணுவப் புரட்சிக்குப் பின், மருத்துவப் பணியாளர்களிடமிருந்து அச்சைகை வீதிகளுக்குப் பரவியது. பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில் அந்நாட்டுத் தூதர் கியாவ் மோ துன் தம் உரையின் முடிவில் மூன்று விரல்களை உயர்த்தினார். மறுநாளே இராணுவ ஆட்சி அவரைப் பதவிநீக்கம் செய்ததாக அறிவித்தது.

புதினம் புரட்சியைத் தோற்றுவித்தது என இதிலிருந்து முடிவு கட்டுதல் பிழை. இரு நாடுகளுக்கும் நெடிய மாணவர் போராட்ட மரபு உண்டு. எதிர்ப்புக்கான காரணங்கள் அந்நாடுகளின் வரலாற்றிலேயே உள்ளன. நூல் வழங்கியது ஒரு பொதுக் குறியீட்டை மட்டுமே. எல்லை கடந்தும் இளைஞர்கள் விளக்கமின்றி அதனைப் புரிந்துகொண்டனர்.

அக்குறியீட்டின் விலையையும் அந்நூல் மறைக்கவில்லை. சைகைக்குக் காரணமான காட்னிஸ் அன்று உயிர் தப்புகிறாள். அதற்கு மறுமொழி கூறிய, பெயரற்ற முதியவரே கொல்லப்படுகிறார். கோன் கேனில் விரல் உயர்த்திய மாணவர்கள் வந்து நின்றதும் அம்முதியவரின் இடத்திலேயே.