நழுவிய முள்ளெலும்பு

குடவாசல் பக்கம் நடவு நாளில் பாருங்கள். காலை முதல் குனிந்தபடியே பெண்கள் நாற்று நடுவார்கள். மாலையில் குறுக்குப் பிடித்துக்கொண்டால், கால் முன்னே வரப் பிறந்தவரைக் கொண்டு முதுகில் மிதிக்கச் சொல்வது நம் ஊர்ப் பழைய வழக்கம். ‘ஏதோ விலகிவிட்டது, தட்டினால் சரியாகும்’ என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று.

1895-ல் அமெரிக்காவில் டேவன்போர்ட் நகரத்தில் டி. டி. பால்மர் என்பவர் காந்த வைத்தியம் செய்துவந்தார். அந்தக் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டுக்குக் காது மந்தம். அவர் முதுகில் புடைத்திருந்த முள்ளெலும்பைக் கையால் தள்ளியதும் காது கேட்டது என்றார் பால்மர். செவி நரம்பு முதுகு வழியே போவதில்லை என்று நீங்கள் பாடத்திலேயே படித்திருப்பீர்கள்! ஆயினும் ‘கைரோப்ராக்டிக்’ பிறந்துவிட்டது. கிரேக்க மொழியில் ‘கைர்’ என்றாலும் கைதான்.

எலும்பு மெய்யாகவே நழுவுவது வேறு. 1782-ல் பெல்ஜியத்துப் பிரசவ மருத்துவர் ஹெர்பினோ அதைக் கண்டெழுதினார். 1854-ல் ஜெர்மானியர் கிலியான் ‘ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்’ என்று பெயரிட்டார். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரு முள்ளெலும்புகளில் ஒன்று முன்னோக்கிச் சரிகிறது. முன்னே சரிந்ததை முதுகுப் பக்கமிருந்து அழுத்தினால் எப்படிப் பின்னே வரும்?

பின் கத்தியின்றி வலி குறைவது எவ்வாறு? 1997-ல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஓ’சல்லிவன் குழுவினர், நழுவலோ விரிசலோ உள்ள 44 பேரில் ஒரு பிரிவினருக்கு வயிற்றின் ஆழ்தசைகளையும் முதுகெலும்பை ஒட்டிய தசைகளையும் பழக்கும் பயிற்சியைப் பத்து வாரம் அளித்தனர். எலும்பைத் தள்ளாமலேயே வலி குறைந்தது. முப்பது மாதம் கழித்தும் பலன் நீடித்தது. இன்று கைரோப்ராக்டிக் மருத்துவர்கள் பலரும் பயிற்சியைச் சேர்த்தே தருகின்றனர்.

கால் மரத்து வலுவிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, மிதிக்க ஆள் தேடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.