பொதுச்சுவரும் அடிமனையும்: திருவல்லிக்கேணியில் பழைய வீடு வாங்குதல்

சென்னை மாகாணத்தில் 1926 வரை பல்கலைக்கழகம் ஒன்றே இருந்தது. இராமகுப்பம், குப்பம் பக்கத்து இளைஞர் ஒருவர் சட்டம் படிக்க விரும்பினால், 1864-இல் பெங்களூர் வரை திறக்கப்பட்ட இருப்புப்பாதையில் குப்பத்தில் ஏறி, சோலையார்பேட்டை வழியாகச் சென்னைக்கு வரவேண்டும். குப்பத்திற்கென ஒரு பல்கலைக்கழகம் வந்தது 1997-இல்தான். அவ்வாறு வந்திறங்கியோருள் பலரின் அடுத்த கவலை பாடமன்று, தங்குமிடம். கடற்கரையில் மாநிலக் கல்லூரி 1870-இல் புதுக்கட்டடத்தில் குடியேறிய பிறகு, அந்தக் கவலைக்கு விடையாக நின்ற ஊர் திருவல்லிக்கேணி.

பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அகலம் குறைவு, ஆழம் மிகுதி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கிணறு, கொல்லை என ஒரே நேர்கோட்டில் வீடு பின்னோக்கி நீளும். பக்கச்சுவர்களில் சன்னல் வைக்க வழியில்லை. ஒளியும் காற்றும் முற்றத்தின் வழியாகவே இறங்கின. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம் மேலே. அவ்வுத்தரங்களின் முனைகள் பல வீடுகளில் இரு வீட்டாருக்கும் உரிய ஒரே சுவரில் பதிந்திருந்தன. கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லுமிடத்தில் ‘பொதுச்சுவர்’ என்னும் சொல் தவறாது வருவதன் காரணம் இதுவே. வாங்குபவர் தம் வீட்டை மட்டும் வாங்கவில்லை. அண்டை வீட்டாரோடு ஒரு நிரந்தர உறவையும் சேர்த்தே வாங்கினார்.

அக்கம்பக்கத்தின் அறிவுச் சூழலுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’வைத் தொடங்கிய அறுவருள் இருவர் ஆசிரியர், நால்வர் சட்ட மாணவர், கடன் வாங்கிய ஒன்றேமுக்கால் ரூபாயில் அச்சானவை 80 படிகள். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையில் பல்கலைக்கழக ஆய்வாளரான இராமானுஜன், குடும்பத்தோடு அனுமந்தராயன் கோயில் தெருப் பக்கம் குடியிருந்தார். மறு ஆண்டு மார்ச்சில் கப்பலேறினார். மாணவரை நம்பி வாடகையும், வாடகையை நம்பி வீட்டுக்காரரும் வாழ்ந்த தெருக்கள் அவை. ஆனால் எல்லா மாணவருக்கும் அக்கதவுகள் திறக்கவில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். சாதி கேட்டே அறை விடப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து படிக்க வந்தோர் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்றவற்றையே நாட நேர்ந்தது. இப்பகுதியின் கல்விப் பெருமையைப் பாடும் எழுத்துகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

வீடு வாங்குவது காகிதத்தில் எளிது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதிவு செய்யப்பட வேண்டும். தாய்ப்பத்திரம் பார்த்து, வில்லங்கம் போட்டுப் பார்த்தால் போதும் என்றே பலரும் எண்ணினர். சிக்கல் காலடியில் இருந்தது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற கோயில் சார்ந்த பகுதிகளில் கட்டடம் ஒருவருக்கும் அடிமனை கோயிலுக்கும் உரியதாக இருப்பது புதிதன்று. அத்தகைய வீட்டை விலைக்கு வாங்கியவர் செங்கல்லையும் தேக்கையும் வாங்கினார். மண்ணுக்கு வாடகை செலுத்தும் கடமையையும் வாங்கினார்.

இவர்களுக்கு ஒரு காப்பு கிடைத்தது. சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 1922-இன் மூன்றாம் சட்டம். மனையைக் குத்தகைக்கு எடுத்து அதில் கட்டடம் எழுப்பியவரை வெளியேற்ற வேண்டுமானால் கட்டடத்திற்கு ஈட்டுத்தொகை தரவேண்டும் என்றது அது. ஒன்பதாம் பிரிவு இன்னும் துணிந்து, நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு மனையையே தமக்கு விற்கும்படி குடியிருப்பவர் கோரலாம் என்றது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அடிமனைக்காரர்களின் நம்பிக்கை இப்பிரிவில் தங்கியிருந்தது. 1996-இன் திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை இச்சட்டத்திலிருந்து விலக்கியது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் அத்திருத்தத்தை ஏற்றது. கோயில் சொத்து கரைந்துவிடக்கூடாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் முந்தைய சட்டத்தை நம்பிப் பணம் கொடுத்து வாங்கியவரின் கையில் எஞ்சியது மேற்கட்டடம் மட்டுமே.

மண் சொந்தமாக இருந்தவர்க்கும் வீடு முழுமையாகக் கைக்கு வரவில்லை. உள்ளே வாடகைதாரர் இருந்தார். போர்க்கால ஆணையாக 1941-இல் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. வீடு கைமாறினாலும் வாடகைதாரர் மாறவேண்டியதில்லை. ஆனால் அச்சட்டத்தில் மூன்று இடைவெளிகள் இருந்தன. இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கென்றால் வெளியேற்றம் கோரலாம். புதிதாகக் கட்டி முடித்த கட்டடத்திற்கு ஐந்தாண்டுகள் சட்டம் பொருந்தாது. உணவு விடுதியின் அறையோ தங்கும் விடுதியின் அறையோ ‘கட்டடம்’ என்னும் வரையறைக்குள்ளேயே வராது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், பழைய வரிசை வீட்டை வாங்கியவருக்குச் சட்டம் காட்டிய வழி தெளிவாகத் தெரிகிறது: பாதுகாக்காதே, இடி, குடும்பத்திற்கு விடாதே, அறை அறையாகப் பிரித்து விடு. ‘மேன்சன்’கள் பெருகியதற்கு அலுவலகங்களின் பெருக்கம், வெளியூர் இளைஞர் வரவு எனக் காரணங்கள் பல. இச்சட்டச் சொற்றொடர்களையும் அவற்றோடு வைத்து எண்ண வேண்டும்.

இடிக்காமல் விட்ட வீடுகளில் நேர்ந்ததும் நல்லதன்று. முற்றத்தின்மேல் கான்கிரீட் தளம் போட்டால் இரண்டு மூன்று அறைகள் கூடுதலாகக் கிடைக்கும். முற்றம் மூடியதும் வீட்டின் ஒரே ஒளிவாயிலும் மூடியது. பக்கச் சன்னல் வைக்க அண்டை வீட்டுச் சுவர் இடம் தராது. பகலிலும் விளக்கெரியும் மாணவர் அறை அப்படித்தான் உருவாயிற்று. ஒரு வீட்டை இடித்தபோது பொதுச்சுவரில் பதிந்திருந்த அடுத்த வீட்டு உத்தரமும் ஆட்டம் கண்டது. நெதர்லாந்தின் பல்கலைக்கழக நகரங்கள் பலவற்றில் குடும்ப வீட்டை அறை அறையாகப் பிரித்து விட நகராட்சியின் தனி அனுமதி வேண்டும். குரோனிங்கன் நகரம் தெருவுக்கு இத்தனை விழுக்காடுதான் என்றுகூட வரம்பிட்டது. இங்கே தெருவின் அளவில் யாரும் கணக்கிட்டதில்லை.

பாரதியார் தம் இறுதிக் காலத்தில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்ததும் வாடகை வீடே. தமிழ்நாடு அரசு அதை வாங்கிச் செப்பனிட்டு 1993-இல் நினைவில்லமாக்கியது. 1960-இன் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று முடிவுக்கு வந்து, எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தங்கும் விடுதிகள் அதற்கும் வெளியிலேயே நிற்கின்றன.