அரசன் தலை இல்லாத காசு

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் இருப்பது ஒன்று; வாக்கில் இருப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே செப்புத் தகட்டில் வந்து சேர்ந்த அதிசயம் இங்கிலாந்தில் நடந்தது.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலம். 1775-க்குப் பிறகு லண்டன் அரசாங்க நாணயசாலை செப்புக் காசு அடிப்பதையே நிறுத்திவிட்டது. செம்புதானே, ஏழைகளின் சில்லறைதானே என்ற அலட்சியம்! ஆனால் புதிதாகப் பெருகிய ஆலைகளிலும் சுரங்கங்களிலும் கூலி கொடுக்கச் சில்லறைதான் வேண்டியிருந்தது. அந்த இடத்தைக் கள்ளக் காசு பிடித்துக்கொண்டது. 1787-இல் அதிகாரிகள் சோதித்தபோது, நூற்றுக்கு எட்டுக் காசுகளே ஓரளவாவது உண்மைக் காசின் ஜாடையில் இருந்தனவாம். கடைக்காரன் 'செல்லாது' என்று தள்ளிவிட்டால், உழைத்தவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

அதே ஆண்டில், வேல்ஸைச் சேர்ந்த ஆங்கிள்ஸீ தீவின் பாரிஸ் சுரங்கக் கம்பெனியார் (பிரெஞ்சுத் தலைநகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) தாங்களே காசு அடித்தார்கள். ஒரு புறம் முக்காடிட்ட ட்ரூயிட் பூசாரியின் தலை. மறுபுறம், கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவதாக வாக்குறுதி. விளிம்பைச் சுற்றி, அந்தப் பென்னியை எங்கே கேட்டு வாங்கலாம் என்ற விவரம்: லண்டன், லிவர்ப்பூல், ஆங்கிள்ஸீ. இரும்பு முதலாளி ஜான் வில்கின்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். மன்னர் முகம் இருக்கவேண்டிய இடத்தில் தம் முகத்தையே பொறித்துக்கொண்டார்!

ஊருக்கு ஊர் வியாபாரிகள் இதைப் பின்பற்றினார்கள். போலிகளும் பின்னாலேயே வந்தன. இப்போது இவற்றைச் சேகரிப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதோடு விளிம்பையும் புரட்டிப் பார்ப்பது அதனால்தான். 'எங்கும் செல்லும்' என்று சில விளிம்புகளில் இருக்கும். எங்கும் செல்லும் என்றால், எவரும் பொறுப்பில்லை என்று பொருள்.

சேகரிக்கும் மோகம் அந்தக் காலத்திலேயே பிடித்துவிட்டது. பொருந்தாத அச்சுகளை ஜோடி சேர்த்து, 'அபூர்வக் காசு' என்று விற்றார்கள். லண்டனில் தாமஸ் ஸ்பென்ஸ் என்ற ஏழைப் புத்தக வியாபாரியும் இப்படி விற்றவர்தான். ஆனால் அவருடைய சரக்கு வேறு. நிலம் ஊருக்குப் பொது என்று பிரசாரம் செய்து, 1794-இல் சிறையில் கிடந்தவர் அவர். 'புரட்சிக்கு முன்' என்று ஒரு பக்கத்தில் எலும்பைக் கடிக்கும் கைதி. 'புரட்சிக்குப் பின்' என்று மறுபக்கத்தில் விருந்துண்ணும் மனிதன். துண்டுப் பிரசுரத்தைக் கிழித்தெறியலாம். செம்பை எப்படிக் கிழிப்பது?

1797-இல் அரசாங்கம் விழித்துக்கொண்டது. பர்மிங்ஹாம் அருகே ஸோஹோவில் நீராவி யந்திரம் வைத்து வியாபாரிகளின் காசுகளையும் அடித்துவந்த மாத்யூ போல்ட்டனிடமே வேலையை ஒப்படைத்தது. ஒரு பென்னி ஓர் அவுன்ஸ் கனம்! மறு ஆண்டில், இப்ஸ்விச் ஜவுளி வியாபாரி ஜேம்ஸ் காண்டர் பழைய தனியார் காசுகளுக்கெல்லாம் ஜாபிதா போட்டு வெளியிட்டார். அந்தக் காசுகளுக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது.

ஸோஹோ யந்திரம் ஓயவில்லை. சென்னை ராஜதானிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி வரவழைத்த 1803-ஆம் ஆண்டுச் செப்புக் காசுகள் அங்கே அடித்தவைதாம். பாட்டியின் பழைய பெட்டியில் ஒன்று கிடைத்தால், எடுத்துப் பாருங்கள்.