அணை ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பும் உடன்பாடும்: காவிரி, பெரியாறு வழக்குகள்

தமிழகப் பாசன வரலாறு அணைகளைக் கட்டிய பொறியாளர்களின் திறனைப் பெரிதும் பேசுகின்றது. அவ்வணைகளுக்கு அடிப்படையான ஒப்பந்தங்களும், அவற்றிலிருந்து கிளைத்த பூசல்கள் தீர்ந்த முறைகளும் அதே அளவு ஆராயத்தக்கவை. ஒப்பந்தத்தின் ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருளால் பல நூறாயிரம் ஏக்கர் நிலம் நீர் பெறுதலும் பெறாமற் போதலும் உண்டு. பூசலைத் தீர்க்க வழிகள் இரண்டு: ஒன்று, இருதரத்தாரும் ஏற்ற நடுவர் முன் வழக்குரைத்துத் தீர்ப்புப் பெறுதல், மற்றொன்று, இருதரத்தாரும் தாமே பேசி உடன்படுதல். இவ்விரண்டனுள் எது எதனைச் செய்யவல்லது என்பதனைக் காவிரி, பெரியாறு என்னும் இரண்டு வழக்குகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. காவிரி வழக்கு

சென்னை மாகாணமும் மைசூர்ச் சமத்தானமும் 1892 பிப்ரவரி 18-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அட்டவணையிற் குறித்த ஆறுகளில் மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டுமுன் சென்னையின் இசைவைப் பெறுதல் வேண்டும் என்பது அதன் விதி. தனக்கு முன்னரே உரிய அனுபவ உரிமையைக் காத்தற் பொருட்டன்றிச் சென்னை அவ்விசைவை மறுத்தலாகாது என்பதும் விதியே. கருத்து மாறுபட்டவழி, இரு அரசுகளும் அமர்த்தும் நடுவரோ இந்திய அரசோ தீர்ப்பர் என்றும் எழுதப்பட்டது.

இவ்விதி 1910-க்குப் பின்னர்ச் சோதனைக்கு உள்ளாயிற்று. விசுவேசுவரையா தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில், கண்ணம்பாடியில் 4,150 கோடிக் கன அடி நீரைத் தேக்க மைசூர் திட்டமிட்டது. சென்னையோ 1,100 கோடிக் கன அடி கொள்ளும் முதற்கட்டத்திற்கே இசைந்தது. மைசூரார் முழு உயரத்துக்கும் ஏற்ற அகலத்தில் அடித்தளம் இட்டனர். தஞ்சைக் கழனிகளின் நீர் குறையும் எனச் சென்னை அஞ்சியது. வழக்கு நடுவரிடம் சென்றது.

அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் நடுவராக அமர்ந்தார். நீர்ப்பாசனத் தலைமை ஆய்வாளர் நெதர்சோல் அவருக்குத் துணைநின்றார். 1913 சூலையில் உதகமண்டலத்தில் விசாரணை தொடங்கியது. 1914 மே 12-இல் தீர்ப்பு வெளிவந்தது. மேலணையில் நொடிக்கு 22,750 கன அடி நீர் வரும் அளவை எல்லையாக வைத்து, அதற்கு மேற்பட்டதையே மைசூர் தேக்கலாம் என்று தீர்ப்புக் கூறியது. இந்திய அரசு 1916-இல் அதனை உறுதி செய்தது. அவ்வளவு நீர் போதாது எனக் கருதிய சென்னை, இலண்டனிலிருந்த இந்திய மந்திரியிடம் முறையிட்டது. 1919-இல் அவர் தீர்ப்பை நிறைவேறாமல் நிறுத்தினார்.

இவ்விடத்தே வழக்கின் போக்கு மாறுகின்றது. இருதரத்துப் பொறியாளர்களும் ஒருங்கிருந்து அளவுக் கணக்குகளை ஆராய்ந்து, 1921 சூலையில் நீர் ஒழுங்கு விதிகளை வகுத்தனர். அவற்றை அடிப்படையாகக் கொண்டு 1924 பிப்ரவரி 18-இல் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மைசூர் 4,482.7 கோடிக் கன அடி கொள்ளும் அணையைப் பெற்றது. சென்னை மேட்டூரில் 9,350 கோடிக் கன அடி கொள்ளும் தேக்கத்தையும், 3,01,000 ஏக்கர் புதுப் பாசனத்தையும் பெற்றது. மேட்டூர் அணை 1934-இல் நிறைவெய்தியது. நடுவர்முன் வைக்கப்பட்ட வினா கண்ணம்பாடியைப் பற்றியதே. மேட்டூரையும் உடன்வைத்து எண்ணுதல் பேச்சினாலேயே இயல்வதாயிற்று.

2. பெரியாறு வழக்கு

திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னைக்கும் 1886 அக்டோபர் 29-இல் ஏற்பட்டது பெரியாற்றுக் குத்தகை. 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாயாக, 40,000 ரூபாய் குத்தகைப் பணம். உரிமை, கடமை பற்றிய பூசல் எழுந்தால் இரு நடுவர்களிடமும், அவர்கள் உடன்படாவிடின் மேல்நடுவரிடமும் செல்க என்பது அதன் ஒரு விதி. பென்னிகுக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டு, மதுரைச் சீமையின் வறண்ட நிலங்களுக்கு நீர் தந்தது.

மலையைக் குடைந்து வரும் அந்நீர் உயரத்திலிருந்து வீழ்வது. அதனால் மின்னாற்றல் ஆக்கச் சென்னை பின்னாளில் விரும்பியது. ‘பாசனத்துக்கே கொடுத்தோம், மின்னாக்கத்துக்கு அன்று’ என்பது திருவிதாங்கூரின் வாதம். ‘நீர் எமது, அது வீழும் ஆற்றலும் எமதே’ என்பது சென்னையின் நிலை. 1886-இல் ஒப்பந்தம் எழுதியோர் நீர்மின்னாக்கத்தைப் பற்றி எண்ணியிருத்தல் அரிது. இரு நடுவரும் உடன்படாமையால் வழக்கு மேல்நடுவரிடம் சென்றது. கல்கத்தா உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, 1941 மே மாதத்தில், சென்னையின் உரிமை பாசனத்தளவே எனத் தீர்ப்பளித்தார்.

சொல்லுக்குப் பொருள் காணும் நெறியில் இத்தீர்ப்புப் பிழையுடையதெனக் கூறுதற்கில்லை. எனினும் நீர் வீழ்தலும் மின்தேவையும் இருந்தவாறே இருந்தன. பேச்சுகளின் பயனாக 1970 மே 29-இல் கேரளமும் தமிழ்நாடும் துணை ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. 30 ஆண்டுக்கு ஒருமுறை அதனைத் திருத்தவும் வழி வைக்கப்பட்டது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது. உற்பத்தி அளவுக்கேற்பத் தனிக் கட்டணம் செலுத்தி மின்னாக்கும் இசைவைத் தமிழ்நாடு பெற்றது. இவ்வேற்பாடு 1954 நவம்பர் 13 முதல் நடைமுறையிலிருந்ததாகக் கொள்ளப்பட்டது.

3. ஒப்புநோக்கு

இவ்விரண்டு வழக்குகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். நடுவர், தம்முன் வைத்த வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர். வினாவின் எல்லையைக் கடத்தல் நடுவுநிலைமை ஆகாது. பேசி உடன்படுவோருக்கு அவ்வெல்லை இல்லை. ஒன்றை விட்டு வேறொன்றைப் பெறலாம். பணத்துக்கு மின்னையும், மேலணைக்குக் கீழணையையும் ஈடாக்கலாம்.

அதுபற்றி நடுவர் தீர்ப்பு வீண் என்றல் பொருந்தாது. 1941-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மின்னுரிமை விலைகொடுத்துப் பெறத்தக்கது என்பதனை நிலைநாட்டியது. 1970-ஆம் ஆண்டுப் பேச்சுக்கு அதுவே அடிநிலமாயிற்று. கிரிஃபின் தீர்ப்பும், அளவைக் கணக்கிட்டே பேசவேண்டும் என்னும் நெறியைக் காட்டியது.

உடன்பாட்டுக்கும் ஒரு குறை உண்டு. அஃது காலத்தால் தேய்வது. 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் சில விதிகள் ஐம்பது ஆண்டுக்குப் பின் மறு ஆய்வுக்குரியன எனக் குறிக்கப்பட்டன. 1974-இல் அவ்வாய்வு உடன்பாடாக முற்றவில்லை. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பும், 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. ஐம்பதாண்டு எல்லை குறித்தோர், எல்லை கடந்தபின் எவ்வாறு புதுப்பிப்பது என்பதனை விதியாக்கவில்லை. பெரியாற்றுத் துணை ஒப்பந்தத்தில் குத்தகைப் பணத்துக்கு முப்பதாண்டுத் திருத்தம் வைத்தமை இக்குறையை ஓரளவு உணர்ந்ததன் பயன் எனலாம். ஆயினும் அணையின் நீர்மட்டம் பற்றிய பூசல் 2006-இலும் 2014-இலும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பையே நாடிற்று.

ஆகலின், ஒப்பந்தம் எழுதுவோர் நடுவர் விதி ஒன்றை மட்டும் வைத்து அமைதல் போதாது. புதிய தேவை தோன்றுங்காற் கூடிப் பேசும் கடமையையும், பேசும் காலத்தையும், இருதரத்துப் பொறியாளர்களும் ஒப்பும் அளவுக் கணக்கையும் ஒப்பந்தத்துள்ளேயே அமைத்தல் வேண்டும் என்பது இவ்விரு வழக்குகளால் நாம் பெறும் முடிபு.